வெள்ளத்துக்கான பொருள்களை வீட்டில் எங்கே வைப்பது?

வேளச்சேரியில் தரைத்தளத்தில் இரண்டு அறையுள்ள வாடகை வீடு, மூன்று வயதுக் குழந்தை, இன்சுலின் போட்டுக்கொள்ளும் அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலத்துக்கு முன்னால் என்னென்ன வாங்க வேண்டும், இருக்கிற கொஞ்ச இடத்தில் எங்கே வைப்பது என்று கேட்கிறீர்கள்.

எங்கே வைப்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2015 டிசம்பர் 1 இரவு முடிச்சூரில் எங்கள் வீட்டில் பொருளுக்குக் குறைவே இல்லை. டார்ச் இருந்தது. 25 கிலோ அரிசி மூட்டை புதிதாக வந்து இறங்கியிருந்தது. அப்பாவுக்கு ஒரு மாதத்துக்கான பிரஷர் மாத்திரை இருந்தது. நள்ளிரவில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் குளியலறைத் துளையிலிருந்து குளுகுளுவென்று சத்தம். வாசல் வழியாக வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர் சாக்கடை வழியாக வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. டார்ச் மர மேஜையின் கடைசி இழுப்பறையில். நான் போய்ச் சேருவதற்குள் மரம் ஊறி உப்பிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், கைப்பிடி மட்டும் கழன்று வந்தது. அரிசி மூட்டை சமையலறையில் கீழ்த்தட்டில், மாத்திரை கட்டிலுக்கு அடியில் சூட்கேஸுக்குள். தண்ணீர் தொடைக்கு வந்தபோது அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெறும் கையோடு மாடி ஏறினோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செப்டம்பரும் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காரர்களோடு வீடு வீடாகப் போய்ப் பொருள்களை இடம் மாற்றி வைக்க உதவுகிறேன். பெரும்பாலான வீடுகளில் முக்கால்வாசிப் பொருள் ஏற்கெனவே இருக்கும். இருட்டில், தண்ணீரில் நின்றுகொண்டு, அம்மாவோ குழந்தையோ பக்கத்தில் இருக்கும்போது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்காது, அவ்வளவுதான்.

முதலில் உங்கள் தெருவில் பழைய ஆள் யாரையாவது பிடித்து, 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். பல சுவர்களில் அந்தக் கறை இன்னும் இருக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் அந்த உயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேல் ஒரு முழம் தள்ளி இன்னொரு கோடு. மழைக்காலம் முடியும்வரை, நனைந்தால் வீணாகிற எதுவும் அந்த இரண்டாவது கோட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது. இந்த ஒரு காரியத்தைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, எத்தனை நாள் என்பது. எங்கள் பக்கம் அடையாற்று வெள்ளம். 2015-இல் அது வேகமாக ஏறியது. உங்கள் வேளச்சேரி ஏரியும் சதுப்புநிலமும் சூழ்ந்த தாழ்வான பகுதி. தண்ணீர் மெதுவாக வரும், போக மனசே வராமல் நிற்கும். மிக்ஜாமில் மழை விட்ட பிறகும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் பல நாள் தண்ணீர் நின்றதும், பால் பாக்கெட்டுக்கு ஜனங்கள் அலைந்ததும் நினைவிருக்கும். மூன்று நாளுக்கு வைத்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் இடத்துக்கு ஐந்து நாள் கணக்கு வையுங்கள்.

சரி, வீட்டுக்குள் வருவோம். பரணில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் 20 லிட்டர் தண்ணீர் கேனை யாராலும் பரணில் ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. உங்கள் அம்மாவால் ஸ்டூல் மேல் ஏற முடியாது. தண்ணீர் வந்தால் பிளாஸ்டிக் ஸ்டூலே மிதந்துகொண்டு போய்விடும். அதனால் கனமானது இடுப்பு உயரத்தில், லேசானதும் உடனே தேவைப்படாததும் பரணில், ஓடும்போது எடுக்க வேண்டியது வாசல் பக்கம் ஆணியில்.

இடுப்பு உயரம் என்றால் சமையல் மேடைதான். கிரானைட் மேடையின் ஒரு ஓரத்தை அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் காலியாக விட்டுவிடுங்கள். அதில் தண்ணீர் கேன் நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு ஐந்து நாளைக்கு 80 லிட்டர், அதாவது நாலு கேன். எப்படியும் நீங்கள் கேன் தண்ணீர்தான் வாங்குவீர்கள். வாரத்துக்கு இரண்டு என்றால் இந்த மூன்று மாதமும் கூடுதலாக இரண்டு கேனைச் சுற்றில் விடுங்கள். வந்த தேதியை மூடியில் ஒரு டேப் ஒட்டி எழுதி, பழையதை முதலில் எடுங்கள். 'எமர்ஜென்சிக்கு' என்று தனியாக ஒதுக்கி மாதக்கணக்கில் மூலையில் வைக்கிற கேன் பாசி பிடித்துத்தான் கிடக்கும்.

பெரிய கேனோடு இரண்டு லிட்டர் பாட்டில் பத்தும் வேண்டும் என்பேன். மாடிக்குப் போக நேர்ந்தால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூக்க முடிவது அதுதான்.

கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர் தனி. 2019-இல் ஏரிகள் வறண்டபோது சென்னையில் பாதிப் பேர் நீல டிரம் வாங்கினார்கள். பல வீட்டு மொட்டை மாடியில் அது சும்மா கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பலத்த மழை என்று அறிவிப்பு வந்ததும் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பிவிட வேண்டும். கரண்ட் போன பிறகு மோட்டார் ஓடாது. தெருத் தண்ணீர் தரைக்கடியில் இருக்கும் சம்ப்புத் தொட்டிக்குள் கலந்துவிட்டால் அந்தத் தண்ணீர் குடிக்க, சமைக்க, வாய் கொப்பளிக்கக்கூட ஆகாது. சம்ப்பைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவின பிறகுதான் அதைத் தொட வேண்டும். எந்தத் தண்ணீராக இருந்தாலும் சந்தேகம் வந்தால் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது விட்டு இறக்குங்கள். கொதித்தால் கிருமி சாகும். ஆயில், ரசாயனம் கலந்த தண்ணீர் எத்தனை கொதித்தாலும் நல்ல தண்ணீராகாது.

கழிப்பறை பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் தரைத்தளத்தில் முதலில் பழுதாவது அதுதான். சாக்கடை எதிர்த்து வர ஆரம்பித்தால் எத்தனை வாளி ஊற்றினாலும் போகாது. ஒரு மண் மூட்டையைக் கோப்பைக்கு மேல் வைத்து அழுத்திவிடுங்கள், இன்னொன்றைக் குளியலறைத் துளைமேல். அப்புறம் மூடி போட்ட ஒரு வாளி, கனமான கறுப்பு குப்பை கவர் ஒரு கட்டு, ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர். பவுடரை இரும்புப் பொருளோடும் மருந்தோடும் சேர்த்து வைக்காதீர்கள். நாப்கின், குழந்தைக்கு இரவு டயப்பர் தேவைப்பட்டால் அதுவும் இந்தச் சாமானோடு சேரும். அம்மாவுக்கு இரவில் எழுந்து போக வேண்டியிருக்கும், அதனால் இதைக் கடைசியாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது சாப்பாடு. இதில்தான் ஜனங்கள் காசை வீணடிக்கிறார்கள். நூடுல்ஸ் பாக்கெட்டை அடுக்கி வைப்பார்கள். அதற்கு அடுப்பும் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும். நம் வீட்டு அவலுக்கு இரண்டுமே அவ்வளவு வேண்டாம். ஆனால் எந்த அவல் என்று பார்த்து வாங்குங்கள். கெட்டி அவல் ஊற கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், தண்ணீரும் நிறையக் குடிக்கும். மெல்லிசு அவலுக்குக் கையால் தண்ணீர் தெளித்துப் பிசறினால் போதும், இரண்டு நிமிடத்தில் பூப்போல ஆகிவிடும். அதோடு பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பேரீச்சம்பழம், கடலை மிட்டாய். பருப்புப் பொடி, நல்லெண்ணெய் நிற்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் ஃபிரிட்ஜ் இல்லாமலே தாங்கும். ஒரு வேளை சாதம் வடிக்க முடிந்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது.

குழந்தைக்குப் பால்பவுடரோ, அறை வெப்பத்தில் வைக்கக்கூடிய டெட்ரா பேக் பாலோ வாங்குங்கள். 200 மி.லி. சின்ன பேக்காக வாங்குவது நல்லது. ஒரு லிட்டர் பேக்கைத் திறந்தால் ஃபிரிட்ஜ் இல்லாமல் மிச்சம் கெட்டுப்போகும். அம்மாவுக்கு வெல்லம் போட்ட அவலே மூன்று வேளையும் என்றால் சர்க்கரை ஏறிவிடும். அவருக்குப் பொட்டுக்கடலை, சர்க்கரை சேர்க்காத சத்துமாவு, முளைகட்டிய பயறு என்று தனியாக ஒரு டப்பா. பச்சைப்பயறு ஒரு கிலோ இருந்தால் ஈரத்துணியில் கட்டி மறுநாள் முளைக்க வைத்துக்கொள்ளலாம். ஊறவைக்கக் கேன் தண்ணீர்தான், நன்றாகக் கழுவி, முடிந்தால் ஒரு கொதி விட்டுக் கொடுங்கள்.

இதையெல்லாம் வாங்கிப் பரணில் போட்டுவிட்டு மறந்தால் நவம்பரில் வண்டு பிடித்திருக்கும். சென்னை ஈரக்காற்றில் மெல்லிசு அவல் ஒரு மாதம் தாண்டினாலே சிக்கு வாசனை வர ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை அவல் உப்புமா என்று வைத்திருக்கிறோம். பழைய பாக்கெட் செலவாகும், புதிது வந்து உட்காரும். அவசரத்துக்கான சாமான் உங்கள் வீட்டு அன்றாடச் சாமானாகவே இருக்கட்டும், இரண்டு மடங்கு இருந்தால் போதும். எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக மூடுங்கள், பருப்பு வகையில் நாலு காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள்.

சாப்பிடாத பொருளுக்கு நான் எல்லோருக்கும் சொல்கிற பாத்திரம் பெயிண்ட் வாளி. வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு 20 லிட்டர் எமல்ஷன் வாளி மிஞ்சும். மூடி இறுக்கமாக உட்காரும், பிடி இருக்கும், ஒரு துளி உள்ளே போகாது. நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, மாற்றுத்துணி, போர்வை, தார்ப்பாய், நைலான் கயிறு, கொசு வலை, கொசு விரட்டி க்ரீம், ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் அதில் போட்டுப் பரணில் வைக்கலாம். அது கீழே விழுந்தாலும் மிதக்கும். பிடியில் கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டால் எங்கும் போகாது. உணவுப்பொருளை மட்டும் அதில் வைக்காதீர்கள். வாளிமேல் மார்க்கரால் பெரிய எழுத்தில் உள்ளே என்ன என்று எழுதுங்கள், அம்மா கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு.

வெளிச்சம். சார்ஜ் போடுகிற டார்ச் இரண்டு. ஒன்று சமையலறை வாசலில், ஒன்று அம்மா கட்டிலுக்குத் தலைமாட்டில், இரண்டும் ஆணியில் கயிறு போட்டுத் தொங்க வேண்டும். நடுராத்திரியில் கை தானாகப் போகிற இடம் அதுவாக இருக்க வேண்டும். மாதம் பிறந்தால் முதல் வேலை இரண்டையும் சார்ஜில் போடுவது. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அந்த பேட்டரி செத்துவிடும். தலையில் மாட்டிக்கொள்கிற டார்ச் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு கையும் காலியாக நடக்கலாம். மெழுகுவர்த்தி வேண்டாம். சின்னக் குழந்தையும் கேஸ் சிலிண்டரும் உள்ள இரண்டு அறை வீட்டில் அதைவிட ஆபத்து வேறில்லை. பேட்டரி போட்டு ஓடுகிற சின்ன ரேடியோ ஒன்று, 101.4-இல் ஆகாசவாணி எஃப்.எம். கிடைக்கும். 2015-இல் செல்போன் டவர்கள் படுத்துவிட்ட பிறகு என்ன நடக்கிறது என்றே தெரியாமல் மாடியில் இருந்தோம்.

அம்மாவின் இன்சுலின் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கரண்ட் போனதும் பயந்துபோய்ப் பலர் அதை ஐஸில் புதைத்துவிடுகிறார்கள். உறைந்த இன்சுலின் வீண், திரும்ப உருகினாலும் போடக் கூடாது. ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காமல் விட்டால் சுமார் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். அதற்குப் பிறகு மண்பானைதான். ஒரு அகலமான மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்ன மண்பானையை உட்கார வைத்து, இன்சுலினை ஜிப் கவரில் போட்டு உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் போதும். மழைக்காலத்து ஈரக்காற்றில் கோடையில் குளிர்கிற அளவு குளிராது, ஆனாலும் அறையைவிடக் குறைவாகவே இருக்கும். திறந்த பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நாலு வாரம் தாங்கும். உங்கள் அம்மா போடுகிற வகைக்கு எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்த்து, மருத்துவரிடமும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

மருந்துப் பையில் இரண்டு வாரத்துக்கான மாத்திரை, இன்சுலின் ஊசி, குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப். ஸ்ட்ரிப்பை அதன் சொந்த டப்பாவைவிட்டு மாற்றாதீர்கள், ஈரம் பட்டால் தப்பான எண் காட்டும். கூடவே குளுக்கோஸ் பாக்கெட் கட்டாயம். வெள்ள நேரத்தில் சாப்பாடு தவறி, இன்சுலின் மட்டும் வழக்கம்போல் போட்டு, சர்க்கரை இறங்கி மயங்கிவிடுகிற ஆபத்துதான் அதிகம். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பத்துப் பாக்கெட். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வெள்ளத் தண்ணீரில் நடந்த பிறகு காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். இந்தப் பையை அம்மாவே கட்டட்டும். எது எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாசல் பக்கத்து ஆணியில் தொங்குவது ஒரே ஒரு முதுகுப்பை. அதில் மருந்துப் பை, ஆதார், ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் இரட்டை ஜிப் கவரில். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பவர் பேங்க், விசில், குழந்தைக்குப் பிடித்த ஒரு பொம்மை. பணமும் வேண்டும். இன்றைக்கு டீக்கடையிலும் போனைக் காட்டித்தான் காசு கொடுக்கிறோம், டவர் படுத்தால் அது போச்சு. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது பணமதிப்பிழப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டும் இல்லை, கரண்ட் இல்லாததால் கார்டு மெஷினும் இல்லை. நூறும் ஐம்பதுமாக மூவாயிரம் ரூபாய் பையிலேயே இருக்கட்டும். மாநகராட்சி 1913, மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, ஆம்புலன்ஸ் 108, கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987, கேஸ் கசிவுக்கு 1906. இவற்றோடு உறவினர் எண்களையும் தாளில் எழுதி அதே கவரில் வையுங்கள். போன் அணைந்த பிறகு நமக்கு யாருடைய எண்ணும் மனப்பாடமாக இல்லை.

சிலிண்டர் விஷயம் சுருக்கமாக: தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டு, நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். காலி சிலிண்டர் மிதந்து போய் இடிக்கும். மெயின் சுவிட்சைத் தண்ணீர் பிளக் உயரத்துக்கு வருவதற்கு முன்பே அணைக்க வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது. இன்வெர்ட்டர் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள்.

எப்போது எதைச் செய்வது என்றும் வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு எச்சரிக்கை சொன்னால் பொதுவாக 12 முதல் 20 செ.மீ. மழை, ரெட் என்றால் 20-க்கு மேல். ஆரஞ்சு அன்றைக்கே டிரம், மேல்தொட்டி, பவர் பேங்க், டார்ச் எல்லாம் நிரம்ப வேண்டும். வண்டி இருந்தால் மேடான இடத்துக்குப் போகட்டும். 2024 அக்டோபரில் உங்கள் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை நிறுத்தினார்களே, அந்த முன்யோசனை சரியானதுதான். ரெட் அன்று கட்டில்மேல் மெத்தையைச் சுருட்டி வைத்து, கீழ்த்தட்டைக் காலி செய்து, மண் மூட்டை போட்டுவிடுங்கள். அம்மாவும் குழந்தையும் அன்று சாயங்காலமே மாடிக்கோ மேடான இடத்து உறவினர் வீட்டுக்கோ போவது உத்தமம். நடுராத்திரியில் முழங்கால் தண்ணீரில் ஒரு வயதானவரை நடத்திக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் அடுக்கி முடித்த பிறகு ஒரு நாள் இரவு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அம்மாவை டார்ச்சையும் மருந்துப் பையையும் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினார் என்றால் ஆணியை மாற்றி அடியுங்கள்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று. மாடி வீட்டுக்காரர்களிடம் இந்த வாரமே பேசுங்கள். ஒரு பெயிண்ட் வாளியும் இரண்டு கேன் தண்ணீரும் இந்த மூன்று மாதம் அவர்கள் வீட்டு ஓரத்தில் இருக்கட்டும், அவசரமென்றால் நாங்கள் நாலு பேர் வருவோம், நாங்கள் கொண்டுவருவது உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லுங்கள். 2015-இல் எங்களுக்குக் கதவைத் திறந்த மாடி வீட்டில் அன்றிரவு பதினேழு பேர் இருந்தோம். அவர்களிடம் இருந்தது ஒரு கேன் தண்ணீர்.